மேகக் கணினிகளின் வருகைக் கணக்கு

வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர்களைப் படிக்கின்றார். "உள்ளேன் ஐயா" என்னும் விடை ஒவ்வொன்றாக எழுகின்றது. விடை எழுந்ததும் பெயருக்கு நேரே ஒரு குறி விழுகின்றது. குறி பெற்றாருள் ஒருவனை எழுப்பி, முதல்நாட் பாடத்தில் ஒரு வினாக் கேட்டால், அவன் திருதிருவென விழிப்பதும் உண்டு. உடல் வகுப்பிலும் உள்ளம் விளையாட்டுத் திடலிலுமாக அவன் இருந்திருப்பான். அவன் வந்திருந்தானா, இல்லையா? ஆண்டுகள் பலவாக இக்காட்சியைக் கண்ட எனக்கே இதற்கு விடை கூறுதல் எளிதன்று. இக்காலத்துக் கணினிகளுக்கும் இத்தகைய வருகைக் கணக்கு ஒன்று உண்டு. அக்கணக்கிலும் இதே சிக்கல் உண்டு.

பெரிய கட்டடங்களில் எண்ணிறந்த கணினிகளை அடுக்கிவைத்து, அவற்றின் ஆற்றலைப் பிறர்க்கு வாடகைக்கு விடுதலை மேகக் கணிமை என்பர். பெயர்தான் மேகம், பொருள்கள் யாவும் நிலத்தின் மேலேயே உள்ளன. அங்குள்ள பெரிய கணினி ஒன்றை மென்பொருளாற் பல கூறாக்கி, ஒவ்வொரு கூறும் தனிக்கணினி போலவே தொழிற்படச் செய்வர். அக்கூறே மெய்நிகர் கணினி எனப்படும். அமேசான் நிறுவனம் இத்தகைய கணினிகளை ஈ.சி.2 என்னும் பெயரால் 2006 ஆம் ஆண்டில் வாடகைக்கு விடத் தொடங்கிற்று. வாடகைக்கு எடுத்தவர் தம் கணினியைக் கண்ணாற் காண்பதில்லை. ஆதலின், அஃது இயங்குகின்றதா என்பதை வினவியே அறிதல் வேண்டும்.

ஒரு திங்களில் 30 நாள் எனக் கொண்டால் 43,200 நிமிடங்கள் ஆகும். அவற்றுள் கணினி பயன்பட்ட நிமிடங்கள் எத்தனை விழுக்காடு என்பதே அதன் கிடைப்பளவு. 99.9 விழுக்காடு என்றால் குறைவற்றதாகத் தோன்றும். எனினும், அத்திங்களில் 43 நிமிடம் 12 நொடி அது நின்றுவிடலாம் என்பது அதன் பொருள். 99.99 விழுக்காடாயின் ஏறத்தாழ 4 நிமிடம் 19 நொடியே நிற்கலாம். ஒரு புள்ளிக்குப் பின்னே ஓர் ஒன்பது கூடியதும் இவ்வளவு வேறுபாடு! ஆனால், நிற்கும் வேளை எது என்பதை இவ்வெண் கூறாது. ஊர் உறங்கும் நள்ளிரவில் 40 நிமிடம் நின்றாலும், தேர்வு முடிவு வெளியாகும் காலையில் 40 நிமிடம் நின்றாலும் கணக்கில் இரண்டும் ஒன்றே. முடிவை எதிர்நோக்கி இருக்கும் மாணவனுக்கு அவை ஒன்றாகா.

இனி, 'கிடைக்கவில்லை' என்னும் சொல்லின் வரையறையையும் நோக்குதல் வேண்டும். ஈ.சி.2 கணினிகளுக்கு 2008 இல் 99.95 விழுக்காடு என்று வாக்களித்த அந்நிறுவனம், 2018 இல் அதனை 99.99 ஆக உயர்த்திற்று. மின்வழங்கலும் பிணையமும் தனித்தனியே உடைய வளாகத் தொகுதிகள் இரண்டிலேனும் தம் கணினிகளைப் பரப்பி வைத்தவர்க்கே இவ்வுயர்ந்த வாக்கு உரியது. ஒற்றைக் கணினிக்குத் தரப்பெறும் வாக்கு 99.5 விழுக்காடு, அஃதாவது, திங்களில் 3 மணி 36 நிமிடம் நிற்றற்கு இடமுண்டு. வாக்குத் தவறினால் வாடகையில் ஒரு பகுதியைக் கழிப்பரேயன்றி, வாடகையாளர் வாணிகத்தில் இழந்ததை ஈடுசெய்யார். சொல்லை வரையறுத்தவர் யார் என்று பாராமல் எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவர்.

கண்காணிப்பு நிமிடத்திற்கு ஒருமுறை நிகழ்கின்றது. தாங்கி நிற்கும் பெரிய கணினிக்கு மின்சாரமும் பிணையமும் உளவோ என்பது ஒரு சோதனை; மெய்நிகர் கணினியின் நினைவகம் தீர்ந்ததோ, கோப்புகள் சிதைந்தனவோ என்பது மற்றொன்று. முன்னதில் தவறினால் திருத்துதல் நிறுவனத்தின் கடன். பின்னதில் தவறினால் பெரும்பாலும் வாடகையாளரின் கடன். இவ்விரண்டிலும் தேறிய கணினியும், தான் செய்யவேண்டிய தொழிலைச் செய்யாது வாளா இருத்தல் கூடும். "உள்ளேன் ஐயா" என்று கூறிய மாணவனை நினைத்துக்கொள்க. அதனால், அறிந்தோர் வெளியிலிருந்து உண்மையான வினா ஒன்றையே விடுப்பர். ஒரு பக்கத்தைக் கேட்டு, அது பிழையின்றி வருகின்றதா, எத்தனை நொடியில் வருகின்றது என்று பார்ப்பர். ஓரிடத்திலிருந்து மட்டும் வினவினால் வழியின் குற்றம் கணினியின் குற்றமாகத் தோன்றும். எனவே, பல ஊர்களிலிருந்து வினவுவர். ஒருமுறை விடை வாராமையாற் கணினி நின்றதெனக் கொள்ளாமல், தொடர்ந்து இருமுறை மும்முறை தவறிய பின்னரே மணி அடிப்பர். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை வினவுவோரின் கணக்கில், இடையே இரண்டு நிமிடம் நின்றது ஏறாமலே போகலாம்.

காவலன் எங்கே நிற்றல் வேண்டும் என்பதற்கு 2017 ஆம் ஆண்டு பிப்ரவரி 28 ஆம் நாள் நிகழ்ந்ததே சான்று. அமெரிக்காவின் வடக்கு வர்சீனியாவில் அமேசானின் எஸ்3 என்னும் சேமிப்பகத்தில், சில கணினிகளை விலக்குதற்குப் பணியாளர் ஒருவர் கட்டளை இட்டார். கட்டளையில் நேர்ந்த பிழையால், கருதியதினும் மிகப் பல கணினிகள் விலகின. காலை 9.37 மணிக்குத் தொடங்கிய இடர் பிற்பகல் 1.54 மணிக்கே முற்றும் நீங்கிற்று. அவ்வட்டாரத்தில் புதிய மெய்நிகர் கணினிகளைத் தொடங்குதலும் அவ்விடைவேளையில் தடைப்பட்டது. இவற்றினும் வியப்பானது ஒன்று உண்டு. எப்பணி நலமாக உள்ளது, எப்பணி நின்றது என்று உலகிற்குக் காட்டும் நிலைப்பலகை ஒன்றை அந்நிறுவனம் வைத்திருந்தது. அப்பலகையைத் திருத்தும் கருவியோ, அந்த எஸ்3 சேமிப்பகத்தையே சார்ந்திருந்தது. வீட்டோடு காவலனும் வீழ்ந்தான்! ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒவ்வொரு பணியின் நிலையையும் பலகையில் மாற்ற இயலவில்லை. ட்விட்டர் வழியாகவும், பலகையின் மேலே இட்ட அறிவிப்பு வழியாகவுமே செய்தி கூறினர். அதன் பின்னர், அக்கருவி ஒரே வட்டாரத்தைச் சாராமல் பல வட்டாரங்களிற் பரவி இயங்குமாறு மாற்றி அமைக்கப்பெற்றது.