பிறநாட்டிற் கம்பனி தொடங்குவோரும் துணைவரைத் தேர்தலும்

கடல்கடந்து பொருளீட்டுதல் யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதொன்றன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நம்மவர் பலர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்குஞ் சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்தனர். அவர்கள் சென்றது பிறர் வகுத்துவைத்த பதவிகளுக்கு. இட்ட வேலையைச் செவ்வனே செய்து மாதமுடிவில் வேதனம் பெற்றனர். இன்று நம் பழைய மாணவருட் சிலர் செல்வது வேறொரு நோக்கத்தோடு. தாமே ஒரு கம்பனியை நிறுவித் தாமே அதனை நடத்த விழைகின்றனர். உத்தியோகத்தர்க்கு அந்நாட்டு வணிகச் சட்டத்தை அறிந்திருக்கவேண்டிய கடமை பெரும்பாலும் இல்லை. கம்பனி நிறுவுவார்க்கோ அது முதற் கடமையாகின்றது.

வேற்றுநாட்டுச் சட்டமும் வழக்கமும் அறியாதவர் அவற்றை அறிந்த ஒருவரின் துணையை நாடுதல் இயல்பு. கம்பனியைப் பதிவுசெய்தல், செயலாளரை அமர்த்துதல், பதிவு முகவரி அளித்தல், கணக்கெழுதுதல், வரிப்பத்திரம் நிரப்புதல் ஆகிய பணிகளைக் கூலிக்குச் செய்து கொடுப்போர் எந்நாட்டிலும் உளர். இவர்களைக் கம்பனிச் சேவையாளர் என இங்குக் குறிப்போம். இவருள் நல்லாரைத் தேர்வது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

தமிழாசிரியனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என வினவுவாரும் உளராகலாம். ஒப்பந்தம் என்பது சொற்களால் ஆயது. சொல்லின் பொருளை உசாவி அறிதல் எம் தொழில். அன்றியும், வள்ளுவனார் பொருட்பாலில் இதற்கு வழிகாட்டியுள்ளார். தெரிந்து தெளிதல் என்பதை 51ஆம் அதிகாரமாகவும், தெரிந்து வினையாடல் என்பதை 52ஆம் அதிகாரமாகவும் அவர் வகுத்தார். ஆளை ஆராய்ந்து தேர்தல் ஒன்று. தேர்ந்தவரை வினையில் அமர்த்தி நடத்துதல் மற்றொன்று. முன்னதைச் செய்து பின்னதை மறந்தவர்களே பெரும்பாலும் இடர்ப்படுகின்றனர்.

பொதுவாகக் கூறின் விளங்காது. ஆதலின் நம்மவர்க்கு நெடுங்காலத் தொடர்புள்ள சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சட்டம் வேண்டுவன

சிங்கப்பூரிற் கம்பனிகளை ஆள்வது 1967ஆம் ஆண்டுக் கம்பனிச் சட்டம். பதிவையும் மேற்பார்வையையும் நடத்துவது 2004இல் அமைக்கப்பட்ட, ஏக்கிரா எனச் சுருக்கமாக வழங்கும் ஒழுங்குமுறை ஆணையம். தனியார் கம்பனி ஒன்றை ஒரேயொரு பங்காளரைக் கொண்டும், ஒரு வெள்ளி மூலதனத்தைக் கொண்டும் தொடங்கலாம். பங்குகள் முழுவதையும் வெளிநாட்டவரே வைத்திருக்கலாம். இவ்வளவிற் சட்டம் தாராளமுடையது.

ஆயினும் மூன்று விடயங்களில் அது கண்டிப்பானது. முதலாவது, பணிப்பாளருள் ஒருவரேனும் சிங்கப்பூரில் வழக்கமாக வதிபவராக இருத்தல் வேண்டும். இரண்டாவது, பதிவு நிகழ்ந்து 6 மாதத்துக்குள் அங்கு வதியும் ஒருவரைச் செயலாளராக நியமித்தல் வேண்டும். பணிப்பாளர் ஒருவரே உள்ள கம்பனியில் அவரே செயலாளராகவும் இருத்தல் ஆகாது. மூன்றாவது, அந்நாட்டிலே பதிவு அலுவலகம் ஒன்று இருத்தல் வேண்டும். தபாற்பெட்டி இலக்கம் அதற்கு ஈடாகாது. இவற்றோடு, பதிவுப் பத்திரங்கள் பிஸ்பைல் என்னும் இணையத்தளத்தின் வழியாகவே அனுப்பப்படுகின்றன. அதனுட் புகுவதற்குரிய சிங்பாஸ் அடையாளம் இல்லாத வெளிநாட்டவர், பதிவுபெற்ற கம்பனிச் சேவையாளர் ஒருவர் மூலமாகவே அதனைச் செய்வித்தல் வேண்டும்.

எனவே, யாழ்ப்பாணத்திலோ இலண்டனிலோ இருந்துகொண்டு சிங்கப்பூரிற் கம்பனி தொடங்குவார்க்குச் சேவையாளர் இன்றியமையாதவராகின்றார். இன்றியமையாத ஒருவரை நாடிச் செல்லும்போதுதான் ஆராய்ச்சி மிகுதியும் வேண்டற்பாலது.

தேர்வுக்குரிய நான்கு வினாக்கள்

முதல் வினா: இவர் பதிவுபெற்றவரா? சேவையாளர்களை நெறிப்படுத்தும் தனிச்சட்டம் ஒன்று 2024இல் இயற்றப்பட்டு, 2025 யூன் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, சிங்கப்பூரிலிருந்து இத்தொழிலைச் செய்யும் நிறுவனங்கள் ஏக்கிராவிற் பதிவுசெய்தல் வேண்டும். 2023 ஆகத்தில் வெளிநாட்டவர் பதின்மர் கைதாகி, 300 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட சொத்துக்கள் சிக்கிய கள்ளப்பண வழக்கின் பின்னர் இத்துறை மீதான கண்காணிப்பு மிக இறுகியது. கள்ளப்பணத் தடுப்புக் கடமைகளில் தவறும் சேவையாளருக்கு 1,00,000 வெள்ளி வரை தண்டம் விதிக்க இச்சட்டம் இடந்தருகின்றது. பதிவுபெற்றோர் பெயர்களை ஆணையத்தின் இணையத்தளத்தில் எவரும் பார்த்தறியலாம். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையைச் செய்யாது பணம் அனுப்புதல் பேதைமையாம்.

இரண்டாம் வினா: இவர் நம்மை வினவுகின்றாரா? கடவுச்சீட்டு, வதிவிடச் சான்று, தொழிலின் தன்மை, மூலதனம் வந்த வழி, கம்பனியை உண்மையில் ஆள்பவர் யார் என்பனவற்றையெல்லாம் கேட்டறிதல் சட்டம் சேவையாளர்மீது சுமத்திய கடமை. நம்மவர் சிலர், "இவர் தொல்லை தருகின்றார்; ஒன்றுங் கேளாத மற்றவரே நல்லவர்" என எண்ணுவர். உண்மை இதற்கு மறுதலையானது. நம்மை ஒன்றுங் கேளாதவர் பிறரையுங் கேட்டிருக்கமாட்டார். அவர்மூலம் பதிவான பிற கம்பனிகளுட் கள்ளப்பணத்தார் கம்பனியும் இருக்கலாம். அவர் பிடிபடும் நாளில், நேர்மையாளர் கம்பனியும் ஐயத்துக்குள்ளாகும்.

மூன்றாம் வினா: இவர் தம் கையில் இல்லாததை உறுதியளிக்கின்றாரா? வங்கிக் கணக்குத் திறத்தல் வங்கியின் தீர்மானம். சிங்கப்பூரிற் குடியிருந்து வேலைசெய்வதற்கான அனுமதி மனிதவள அமைச்சின் தீர்மானம். கம்பனியைப் பதிவுசெய்தமையால் மட்டும் வேலை அனுமதி கிட்டிவிடாது. விண்ணப்பத்தைத் திருத்தமாக ஆக்கித் தருவேன் என்பவர் உண்மை கூறுகின்றார். அனுமதியை நிச்சயமாக வாங்கித் தருவேன் என்பவர் பிறர் பொருளை விற்கின்றார். வேலை அனுமதிக்குப் பிறர்சார்பில் விண்ணப்பிக்குந் தொழிலைச் செய்வார்க்கு அவ்வமைச்சின் வேறோர் உரிமமும் வேண்டும் என்பதை நினைவிற் கொள்க.

நான்காம் வினா: இரண்டாம் ஆண்டுக் கட்டணம் யாது? கம்பனிப் பெயருக்கு 15 வெள்ளியும் பதிவுக்கு 300 வெள்ளியுமாக அரசாங்கக் கட்டணம் 315 வெள்ளியே. அதற்கு மேற்பட்டது சேவையாளரின் கூலி. முதலாண்டிற் கூலியைக் குறைத்துக் காட்டி, அடுத்த ஆண்டிலே செயலாளருக்கு இவ்வளவு, முகவரிக்கு இவ்வளவு, கணக்குக்கு இவ்வளவு எனப் பிரித்து ஏற்றுதல் சிலரின் வழக்கம். ஆதலின் மூன்றாண்டுச் செலவை வகைவகையாக எழுதித் தரும்படி கேட்டு, இருவர் மூவரிடம் பெற்று ஒப்பிடுதல் வேண்டும். விலகிச் செல்ல விரும்பினால் ஆவணங்களை எத்தனை நாளில் ஒப்படைப்பார், அதற்குக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே அறிந்துகொள்க. நுழையும் வாயிலைப் பார்ப்பவர் வெளியேறும் வாயிலையும் பார்த்தல் நன்று.

பெயரளவுப் பணிப்பாளர்

இவ்விடயத்திற் பெரிதும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அங்கு வதியும் பணிப்பாளர் இல்லாதவர்க்கு, ஆண்டுக் கட்டணத்துக்கு ஒருவரைப் பெயரளவிற் பணிப்பாளராகத் தருவதும் சேவையாளர் பணிகளுள் ஒன்று. புதிய சட்டத்தின்படி, தொழிலாக இங்ஙனம் பணிப்பாளராவோரைப் பதிவுபெற்ற சேவையாளரே ஏற்பாடு செய்தல் வேண்டும். அவர் தகுதியுடையவரென்பதையும் சேவையாளர் ஆராய்ந்து துணிதல் வேண்டும். இன்னார் பெயரளவிற் பணிப்பாளர் என்பது ஆணையத்திற்கு அறிவிக்கப்பட்டுப் பொதுப்பதிவிலும் தோன்றும்.

"பெயரளவு" என்னுஞ் சொல்லே ஏமாற்றுஞ் சொல். சட்டத்தின் கண்ணுக்குப் பெயரளவுப் பணிப்பாளர் எனக் குறைந்த பொறுப்புடைய ஓரினம் இல்லை. நேர்மையாகவும் தக்க கருத்தோடும் கடமையாற்றுதல் எல்லாப் பணிப்பாளர்க்கும் ஒன்றேபோல் விதிக்கப்பட்டது. எனவே கம்பனி உடையார் இரண்டைச் செய்தல் வேண்டும். வங்கிக் கணக்கிற் கையொப்பமிடும் அதிகாரத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ளல் ஒன்று. அப்பணிப்பாளர் விலகினால் மாற்று ஏற்பாடு யாது என்பதை ஒப்பந்தத்தில் எழுதுவித்தல் மற்றொன்று. அவர் விலகி வேறொருவர் வாராவிடிற் கம்பனி சட்டவிரோத நிலையை அடையும்.

சிங்கப்பூரில் வாழும் நம் பழைய மாணவர்க்கும் ஈண்டு ஒரு சொல். "அண்ணை, உங்கள் பெயரை மட்டுந் தாருங்கள், வேலை ஒன்றுமில்லை" என ஊரிலிருந்து ஒருவர் கேட்கக்கூடும். ஒரே வகுப்பில் இருந்தவர், ஒரே கோயில் வீதியில் வளர்ந்தவர் என்னும் அன்பினால் உடன்படவுந் தோன்றும். கூலி பெறாது நட்புக்காக ஏற்பினும் பணிப்பாளரின் கடமை குறைவதில்லை. உரிய பத்திரங்களை அனுப்பாக் குற்றத்துக்காக 5 ஆண்டுக்குள் மூன்று தடவை தண்டிக்கப்பட்டவர், பின்னர் 5 ஆண்டுக்கு எக்கம்பனிக்கும் பணிப்பாளராதல் இயலாது. நண்பர் அயர்ந்திருந்தமையால் தம் பிழைப்பையே இழக்க நேரும். கணக்கேடுகளையும் வங்கிக் கூற்றையும் பார்க்கும் உரிமை தமக்கு இருந்தாலன்றி எவரும் இதற்கு உடன்படலாகாது. மறுத்தல் நட்பின்மை ஆகாது. பின்னர் இருவரும் நீதிமன்றில் நிற்பதைத் தவிர்க்கும் நன்மையே ஆகும்.

தேர்ந்தபின் செய்யவேண்டுவன

ஒருவரை அமர்த்தியபின் "அவர் பார்த்துக்கொள்வார்" என்றிருத்தல் தவறு. கம்பனியின் நிதியாண்டு திசம்பர் 31இல் முடிகின்றதெனக் கொள்வோம். மதிப்பிட்ட வருமானத்தை வரித்திணைக்களத்துக்கு அறிவித்தல் 3 மாதத்துள், அதாவது மார்ச்சு 31க்குள் நிகழ்தல் வேண்டும். வருமானம் இல்லாத சிறு கம்பனிகளுக்கு இதில் விலக்குண்டு. ஆண்டுப் பொதுக்கூட்டம் 6 மாதத்துள், யூன் 30க்குள் கூடுதல் வேண்டும். சில நிபந்தனைகளின்கீழ்த் தனியார் கம்பனிகள் இதனைத் தவிர்க்கலாம். ஆண்டறிக்கை 7 மாதத்துள், யூலை 31க்குள் ஏக்கிராவுக்குச் செல்லுதல் வேண்டும். வருமானவரிப் பத்திரம் நவம்பர் 30க்குள். ஆண்டறிக்கை பிந்தினால் 300 வெள்ளியும், மூன்று மாதத்துக்கு மேற் பிந்தினால் 600 வெள்ளியும் தண்டமாகும்.

இந்நான்கு திகதிகளையும் கம்பனி உடையார் தம் மேசைமீதுள்ள நாட்காட்டியிற் குறித்துவைத்து, ஒவ்வொன்றும் நிறைவேறியமைக்குரிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். சேவையாளர் மறந்தாலும் சட்டம் முதலிற் பிடிப்பது பணிப்பாளரையே. கூலி கொடுத்து வேலையைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். பொறுப்பை ஒப்படைத்தல் இயலாது.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

ஒரு நாட்டு வழக்கத்தை இன்னொரு நாட்டுக்குப் பொருத்துதல் கூடாது. ஐக்கிய இராச்சியத்தில் அந்நாட்டில் வதியும் பணிப்பாளர் வேண்டுமென்னும் விதி இல்லை. தனியார் கம்பனிக்குச் செயலாளரும் கட்டாயமல்லர். ஆங்குப் பதிவு முகவரி உள்ளவர் கம்பனியைத் தாமே பதிவுசெய்யலாம். ஆயின் பணிப்பாளர் தம் அடையாளத்தை உறுதிப்படுத்தும் விதி 2025 நவம்பர் 18 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் வதிவிடப் பணிப்பாளர் விதியை 2021 யூலையில் நீக்கிற்று. அந்நாட்டின் மத்திய சட்டமோ பணிப்பாளருட் காற்பங்கினர் கனடாவில் வதிபவராதலைப் பொதுவிதியாகக் கொண்டுள்ளது. எனவே "இச்சேவை எனக்கு வேண்டுமா?" என்னும் வினாவே "யாரை அமர்த்துவேன்?" என்பதற்கு முன் எழவேண்டியது. வேண்டாத சேவைக்குப் பணங்கொடுப்பதும் நட்டமே.

இலங்கையில் வதிவோர் மற்றொன்றையும் மறத்தலாகாது. இங்கிருந்து முதலை வெளிநாட்டுக்கு அனுப்புதல் 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்துக்கும் அதன்கீழ் வரும் கட்டளைகளுக்கும் உட்பட்டது. அளவுகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆதலின் அதிகாரம் பெற்ற வங்கியொன்றில் முதலில் விசாரித்தே அடுத்த அடி வைத்தல் வேண்டும். சிங்கப்பூர்ச் சேவையாளர் சிங்கப்பூர்ச் சட்டத்தை அறிவார். இலங்கைச் சட்டத்தை அவர் நமக்காக அறிந்திருப்பாரென எதிர்பார்த்தல் தகாது.

பழைய மாணவர் சங்கங்கள் இவ்விடயத்தில் ஒரு நற்பணி ஆற்றலாம். கொழும்பிலும் இலண்டனிலும் தொறன்ரோவிலும் சிங்கப்பூரிலும் கணக்காளராகவும் சட்டத்தரணிகளாகவும் விளங்கும் நம்மவர், புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞரின் ஒப்பந்தங்களைக் கையொப்பத்துக்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்துக் கருத்துரைப்பாராயின், அஃது அவர்கள் இளையவர்க்குச் செய்யும் பேருதவியாகும். முன்னோர் சென்ற காலத்தில் துறைமுகத்திற்கே வந்து அழைத்துச்சென்று, வேலை கிடைக்கும்வரை தம் இல்லத்தில் வைத்து உணவளித்த உறவினர் இருந்தனர். காலம் மாறினும் அவ்வுதவியின் தேவை மாறவில்லை, உருவமே மாறியது.

இன்று வகுப்பறையில் இருக்கும் மாணவரும் ஒன்றை உளங்கொள்க. விளங்காத பத்திரத்தில் கையொப்பமிடாமையும், விளங்கும்வரை வினவ நாணாமையும் பள்ளியிலேயே பழகவேண்டிய பண்புகள். அவற்றைப் பழகியவர் எந்நாட்டிற் சென்று எத்தொழிலைத் தொடங்கினும் தம் பெயரையும் தம் கல்லூரியின் பெயரையும் காத்துக்கொள்வர்.