‘ஓப்பன் பேப்பரில்’ வண்டி வாங்கலாமா?



நம் லயங்களில் இப்போது ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் கூடி வருகின்றன. சந்தோஷமான விஷயம். ரங்கலைப் பக்கம் மேல் டிவிஷனில் ராத்திரி ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு வலி எடுத்தால், தோட்டத்து லொறியை எதிர்பார்த்து நிற்காமல் தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு போய்ச் சேர்க்க ஒரு ஓட்டோ இருப்பது எவ்வளவு பெரிய உதவி!

ஆனால், வண்டி யாருடையது என்று கேட்டால் “நம்ம தம்பியோடதுதான் ஐயா” என்கிறார்கள். பதிவுச் சான்றிதழை, அதாவது நாம் ‘வண்டிப் புத்தகம்’ என்று சொல்வதை, வாங்கிப் பார்த்தால் மாத்தளையிலோ கம்பளையிலோ இருக்கும் முகம் தெரியாத ஒருவரின் பெயர் கிடக்கிறது. இதுதான் ஓப்பன் பேப்பர் வியாபாரம்.

வாகனம் கை மாறும்போது இரண்டு படிவங்கள் உண்டு. விற்பவர், வண்டியை இன்னாருக்குக் கொடுத்து விட்டேன் என்று அறிவிப்பது எம்.டி.ஏ. 8. வாங்குபவர், என் பெயரில் பதிந்து தாருங்கள் என்று கேட்பது எம்.டி.ஏ. 6. விற்பவர் கையெழுத்தை மட்டும் வைத்து, வாங்குபவரின் பெயரையும் திகதியையும் வெறுமையாக விட்டுக் கொடுத்தால் அது ‘ஓப்பன்’. அந்தக் கடதாசி மூன்று நான்கு பேர் கை மாறிய பிறகும் புத்தகத்தில் பழைய பெயரே நிற்கும். பெயர் மாற்றும் செலவும் அலைச்சலும் மிச்சம் என்று புரோக்கர் சொல்வார். மிச்சம் அவருக்குத்தான்.

முதலில் வாங்குபவரின் கஷ்டத்தைப் பார்ப்போம். முப்பது வருஷம் கொழுந்து பறித்த அம்மாவின் சேமலாப நிதிச் சல்லியைப் போட்டு மகன் ஓட்டோ வாங்குகிறான். இரண்டு வருஷம் கழித்துப் பெயரை மாற்றப் போனால் பதிவுக்காரர் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம், கையெழுத்து சரியில்லை என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பலாம். பதிவுக்காரர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழும் வாரிசுகளின் சட்டப் பத்திரங்களும் தேவைப்படும். யாரென்றே தெரியாத ஒரு குடும்பத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். அதுவரை அந்த வண்டியை முறையாக விற்கவும் முடியாது, ஈடு வைத்துக் கடன் எடுக்கவும் முடியாது.

விற்பவருக்கு வரும் ஆபத்து இதைவிடப் பெரிது. நம்ம ஆட்கள் இதைத்தான் யோசிப்பதில்லை. வண்டியைக் கொடுத்துச் சல்லியை எண்ணி வாங்கியதும் எல்லாம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். நாளைக்கு அந்தச் சைக்கிளில் ஒருவன் கசிப்பு ஏற்றினாலும், ஹுன்னஸ்கிரிய வளைவில் யாரையாவது அடித்துப் போட்டு ஓடினாலும், பொலிஸார் முதலில் தேடி வருவது புத்தகத்தில் இருக்கும் பெயரைத்தான். நோட்டீஸ் தோட்டத்து ஆபிசுக்கு வரும், லயத்துக்கு வந்து சேர நாளாகும். “நான் எப்பவோ வித்துட்டேனுங்க” என்றால், யாருக்கு, எப்போது, சாட்சி என்ன என்று கேட்பார்கள்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டப்படி, வாங்கியவர் தன் பெயரில் பதியாமல் 14 நாட்களுக்கு மேல் அந்த வாகனத்தைப் பாவிக்கக் கூடாது. ஆகவே பேச்சு முடிந்த அன்றே இருவரும் ஒன்றாக உட்கார்ந்து படிவங்களை முழுதாக நிரப்புங்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம், திகதி ஒன்றையும் விடாதீர்கள். விற்பவர் எல்லாவற்றிலும் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தன் அறிவித்தலை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குத் தானே அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பினால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். வாங்குபவரிடம் கொடுத்து “நீங்களே போட்டுடுங்க” என்று விடாதீர்கள்.

சல்லி கொடுக்க முன்பு வாங்குபவர் பார்க்க வேண்டியவை உண்டு. புத்தகம் அசலா? அதிலுள்ள எஞ்சின் நம்பரும் செசி நம்பரும் வண்டியில் வெட்டியிருப்பதோடு ஒத்துப் போகிறதா? முக்கியமாக, லீசிங் கம்பனியின் பெயர் அதில் இருக்கிறதா? இருந்தால் கடன் தீர்ந்ததாகக் கம்பனி கடிதம் தந்து, அந்தப் பெயர் நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டாம். தவணை நின்றால் கம்பனி வந்து வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும். நீங்கள் கொடுத்த சல்லியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை.

இன்சூரன்ஸையும் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற வேண்டும். பழையவர் பெயரிலேயே விட்டால் விபத்து நடந்த நாளில்தான் அதன் அருமை தெரியும்.

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை ஒன்று, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், தோட்டத்துச் செக்ரோலில் இன்னொன்று. படிவத்தில் அடையாள அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டல் உட்பட எழுதுங்கள். செல்லப் பெயரெல்லாம் லயத்தோடு நிற்கட்டும்.

நாரஹேன்பிட்டித் தலைமை அலுவலகத்துக்கு பஸ் ஏற முன்பு, உங்கள் வண்டிக்கு எந்தப் பத்திரங்கள் வேண்டும், கட்டணம் எவ்வளவு, கண்டியிலேயே செய்ய முடியுமா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1919 என்ற அரசாங்கத் தகவல் நிலையத்துக்குத் தமிழிலேயே பேசலாம். படிவம் நிரப்பத் தெரியாதவர்கள் வெட்கப்படாமல் பெரட்டு முடிந்த பிறகு நலன்புரி அலுவலகத்துக்கு வாருங்கள். விற்பவரையும் கூட்டி வந்தால் ஒரே தடவையில் முடித்துவிடலாம். அடையாள அட்டையை மறக்க வேண்டாம்.