காய்ச்சல் விட்ட பிறகு கிரவுண்டு: தங்கவயல் ஆட்டக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

கோலார் தங்கவயலில் பந்தாட்டக்காரர்களுக்குப் பஞ்சம் வந்ததில்லை. தங்கச் சுரங்கம் மூடிய பிறகும் தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து பெங்களூரு கிளப்புகளுக்குப் பையன்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் நோயில் விழுந்து எழுந்தவர்களின் கதை மட்டும் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி முடிகிறது. மிட்ஃபீல்டில் ஆடுகிறவன் ஒருவனுக்கு டைபாய்டோ, மஞ்சள் காமாலையோ, காசநோயோ வருகிறது. கோச்சிடம் "ஊரில் விசேஷம் சார்" என்று சொல்லிவிட்டுப் படுக்கிறான். கொஞ்சம் தெம்பு வந்ததும் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடுகிறான். மிட்ஃபீல்டர் என்றால் ஒரு ஆட்டத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட வேண்டும். இவனுக்கு இருபதாவது நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. பையன் சோம்பேறியாகிவிட்டான் என்று கோச் முடிவு கட்டி பெஞ்சில் உட்கார வைக்கிறார். அடுத்த சீசன் பட்டியலில் பெயர் இல்லை. என்ன நோய், எப்போது வந்தது, எப்போது குணமானது என்று காட்ட அவனிடம் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

மறைப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமல்ல. மான்செஸ்டர் யுனைடெட்டின் மிட்ஃபீல்டர் டேரன் ஃப்ளெட்சர் பெருங்குடல் புண் நோயோடு நெடுநாள் ஆடினார். என்ன நோய் என்று சக வீரர்களுக்குக்கூடத் தெரியாது. 2011 டிசம்பரில்தான் கிளப் வெளிப்படையாக அறிவித்து அவருக்கு ஓய்வு கொடுத்தது. 2012 செப்டம்பரில் திரும்பி வந்தார், தாங்கவில்லை. 2013 ஜனவரியில் அறுவை சிகிச்சை. அந்த ஆண்டு டிசம்பரில் மறுபடி களமிறங்கினார். இடையில் அவரை விடுவிக்காமல் கிளப் வைத்திருந்தது. நோய் எழுத்தில் இருந்தது, மருத்துவர்கள் கிளப்போடு பேசிக்கொண்டிருந்தார்கள். நம் பையனுக்கு மான்செஸ்டர் கிடைக்காது, சரி. காகிதம் கிடைக்கும்.

இங்கே முதலில் பேச வேண்டியது காசநோயை. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. இன்று ஆடுகிற பையன் பூமிக்கடியில் இறங்கியவன் இல்லை. ஆனால் பாறைத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் இருந்த வீடுகள் இவை. 1940-களில் நடந்த ஆய்வில் 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 3,402 பேருக்கு அந்த நோய் இருந்தது. சிலிக்கோசிஸ் நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும். இருமுகிற தாத்தாவோடு ஒரே அறையில் தூங்குகிற பேரன் இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால், எடை குறைந்தால், சாயங்காலம் காய்ச்சல் அடித்தால், இருமல் மருந்து வாங்கிக் குடித்து நாளைக் கடத்தக் கூடாது. அரசு பொது மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம், மருந்தும் இலவசம்.

காசநோய் உறுதியானதும், நோயாளிகளை அரசு பதிவு செய்யும் நிக்ஷய் தளத்தின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருவார்கள், பல இடங்களில் இரண்டு முறை கேட்டால்தான் தருவார்கள். அந்த எண் இருந்தால் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். 2024 நவம்பருக்கு முன் இது 500. இப்போது 3,000 ரூபாயாக இரண்டு தவணையில் கொடுக்கிறார்கள். ஆதார் இணைந்த கணக்கு இல்லாவிட்டால் பணம் வராது, அதை முதல் வாரமே முடித்துவிடுங்கள். தனியார் டாக்டரிடம் பார்த்தாலும் இந்த உரிமை உண்டு. காசநோயாளியைப் பற்றி அரசுக்குத் தெரிவிப்பது 2012 முதல் தனியார் டாக்டர்களுக்கும் கட்டாயம். "அதெல்லாம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியில்தான்" என்று ஒருவர் கைவிரித்தால் 1800-11-6666 என்ற காசநோய் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை.

மருந்தை ஆறு மாதமும் முடிக்க வேண்டும். இரண்டாவது மாதம் உடம்பு தேறியதும் நிறுத்திவிட்டு ஆடப் போகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. மருந்துக்கு அடங்காத காசநோய் உருவாகும் வழிகளில் இது முக்கியமானது. ஆட்டக்காரன் கவனிக்க வேண்டிய இரண்டு அறிகுறிகள் உண்டு. எத்தாம்புட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வையைக் கெடுக்கும், சிவப்பும் பச்சையும் பிரித்தறியத் தெரியாமல் போகும். எதிரணி ஜெர்சி குழம்பினால் அதைக் களைப்பு என்று தள்ளாதீர்கள். ஐசோனியாசிட் சிலருக்குப் பாதத்தை மரக்க வைக்கும், அதைத் தடுக்க வைட்டமின் பி6 தருவார்கள். இரண்டில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மறுபடி சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மற்ற காய்ச்சல்களில் பயப்பட வேண்டியது இதயத்தை நினைத்து. சாதாரண வைரஸ் காய்ச்சலும் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. விட்ட பிறகும் நெஞ்சுவலி, படபடப்பு, ஓடும்போது மயக்கம், அளவுக்கு மீறிய மூச்சுத்திணறல் ஏதாவது இருந்தால் ஈசிஜி, எக்கோ எடுக்காமல் திரும்பாதீர்கள். அழற்சி என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் கடின ஆட்டம் கிடையாது. லீக் முடிந்துவிடுமே என்று புலம்புவார்கள். முடியட்டும். 2004 டிசம்பர் 5-ல் பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில், டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் கோல் அடித்த கையோடு விழுந்து இறந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பெங்களூருவில் பெரிய பரிசோதனை தேவைப்பட்டால் நேராக ரயிலேறித் தனியார் ஆஸ்பத்திரி வாசலில் நிற்காதீர்கள். ஆயுஷ்மான் பாரத் ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில் வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை உண்டு. ஆனால் அவசர நிலை தவிர மற்றவற்றுக்கு, இங்குள்ள அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்து, அங்கிருந்து ரெஃபரல் லெட்டர் வாங்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், ரெஃபரல் லெட்டர் என்று மூன்றும் கையில் இருக்கட்டும். லெட்டர் இல்லாமல் போய்ப் பணம் கட்டிவிட்டு அப்புறம் திருப்பிக் கேட்டு அலைகிறவர்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. டாக்டர் ரெஃபரல் எழுத மறுத்தால் மறுத்ததற்கான காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். பேனாவை எடுக்கும்போதே பலர் மனம் மாறுவதைப் பார்க்கலாம்.

விடியற்காலை ரயிலில் பெங்களூரு கம்பெனிகளுக்குப் போகிறவர்கள் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு, பங்களிப்பு நிபந்தனை நிறைவேறியிருந்தால், நோயில் படுத்த நாட்களுக்கு, ஆண்டுக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். காசநோய் போன்ற நீண்ட நோய்க்கு, இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்திருந்தால், 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரைகூடக் கிடைக்கலாம். இதற்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழ் வேண்டும். மெடிக்கல் ஷாப் பில்லை வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது.

உடம்பு தேறியதும் இன்னொரு குழி காத்திருக்கிறது. இளைத்த உடம்பை ஏற்ற ஜிம்மில் யாரோ ஊசி போடுகிறார்கள். அது நான்ட்ரோலோன் போன்ற அனபாலிக் ஸ்டீராய்டாக இருந்தால், ஆட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எப்போதும் தடை, நான்கு ஆண்டு வரை ஆட முடியாது. காய்ச்சலுக்குக் கிளினிக்கில் குத்தும் டெக்சாமெத்தசோன் ஊசிகூட போட்டி நேரத்தில் தடை செய்யப்பட்டது. டாக்டரிடம் "நான் ஆடுகிறவன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். தடைப் பட்டியலில் உள்ள மருந்து தவிர்க்க முடியாததாக இருந்தால் நாடா எனப்படும் தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமையிடம் சிகிச்சை விலக்குக்கு விண்ணப்பிக்கலாம். நோய் விவரமும் மருத்துவ அறிக்கையும் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். நம் பையன்கள் பெரும்பாலோரிடம் ஒப்பந்தமே இல்லை, பதிவு மட்டும்தான். பதிவு செய்யும்போதே சம்பளம், காலம், நோய் வந்தால் என்ன என்று ஒரே ஒரு தாளிலாவது எழுதி இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். தொழில்முறை ஒப்பந்தம் இருந்தால் ஃபிஃபா விதிகள் பக்கத்தில் நிற்கின்றன. மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும் என்று நிபந்தனை போட முடியாது. நோய் வந்தது என்பதற்காக ஒப்பந்தத்தை முறிப்பது நியாயமான காரணமாக ஏற்கப்படுவதில்லை. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்பலாம், பதில் இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர் நிலைக் குழுவுக்குப் போகலாம். வாட்ஸ்அப்பில் அழுவதோடு நிறுத்தாமல் மின்னஞ்சலும் பதிவுத் தபாலும் அனுப்புங்கள்.

டாக்டர் குழு "ஆடக் கூடாது" என்று சொன்னாலும் அதை எழுத்தில் கேளுங்கள். தடுப்பாட்டக்காரர் அன்வர் அலிக்கு 2019-ல் இதயக் கோளாறு கண்டறியப்பட்டது. சம்மேளனம் நிறுத்தி வைத்தது. 2020-ல் டெல்லி உயர்நீதிமன்றம் வரை போனார், நிபுணர்களின் அறிக்கைகளை வைத்தார், கடைசியில் 2022 மார்ச்சில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம் ஆடினார். இதைக் கேட்டு "நானும் ரிஸ்க் எடுக்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். அவர் கையில் நிபுணர் அறிக்கை இருந்தது, உங்கள் கையில் நண்பனின் தைரியம்தான் இருக்கிறது.

டோர்னமென்ட் நடத்துகிற சங்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2012 மார்ச்சில் பெங்களூரு லீக் ஆட்டத்தில் பெங்களூரு மார்ஸ் அணியின் வெங்கடேஷ் விழுந்தபோது ஆம்புலன்ஸ் இல்லை, ஆட்டோவில் தூக்கிப் போனார்கள், உயிர் பிழைக்கவில்லை. இன்றைக்கும் பரிசுக் கோப்பைக்கும் மைக் செட்டுக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள் ஆம்புலன்சுக்கு ஒதுக்குவதில்லை. யாரும் தொடாமலே கீழே விழுந்து மூச்சுப்பேச்சின்றிக் கிடக்கிறவனுக்கு அது இதயம் நின்றதாகவே வைத்துக்கொண்டு உடனே மார்பை அழுத்தத் தொடங்குங்கள், ஒருவர் 108-ஐக் கூப்பிடட்டும். முகத்தில் தண்ணீர் தெளித்து, கையில் சாவி கொடுத்து நேரத்தைக் கொல்லாதீர்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கும் அன்றைக்கே ஆம்புலன்ஸ் நிற்குமா, எந்த வாசலில் நிற்கும், மார்பு அழுத்தத் தெரிந்தவர் யார் என்று அமைப்பாளரிடம் எழுதிக் கேட்டு, பதிலைக் கிளப் செயலாளர் ஃபைலில் போட்டு வைக்கட்டும்.