பெரியவருக்கு 'கீழே எரியுதா'? அது சூடு அல்ல, ஈரத்தால் வரும் புண்!

பக்கவாதம் வந்தோ, இடுப்பு எலும்பு முறிந்தோ ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவர்கள் பலர் சில நாளிலேயே ஒரு புகார் சொல்வார்கள். "கீழே எரியுதுப்பா..." புரட்டிப் பார்த்தால் புட்டமும் தொடை இடுக்கும் கன்றிப் போயிருக்கும். "படுத்தே கெடக்குறாரு, சூடு புடிச்சிருச்சு" என்று கூட இருப்பவர்கள் பவுடரைக் கொட்டிவிடுவார்கள்.

அது சூடு அல்ல. அடக்க முடியாமல் போகும் சிறுநீரிலும் மலத்திலும் தோல் ஊறுவதால் வரும் புண்.

5 பேரில் ஒருவருக்கு...

இது ஏதோ ஒருவர் இருவருக்கு வருவதல்ல. அமெரிக்காவில் 36 மாநிலங்களின் ஆஸ்பத்திரிகளில் 5,342 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. அவர்களில் 2,492 பேருக்கு சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியவில்லை. அந்த 2,492 பேரில் 100-க்கு 46 பேருக்கு இந்தத் தோல் புண் இருந்தது. மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் 5 பேரில் ஒருவர்! வசதியான ஆஸ்பத்திரிகளிலேயே இந்தக் கதி.

புண் வருவது எப்படி?

நம் தோலின் மேல் இயற்கையாகவே லேசான புளிப்புத் தன்மை உண்டு. கிருமி அண்டாமல் காப்பது அதுதான். சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் அமோனியாவாக மாற்றும்போது அந்தப் புளிப்பு போய்விடும். மலத்தில் மிச்சமிருக்கும் செரிமான என்சைம்களுக்கு அப்போது வேகம் கூடிவிடும். சோற்றைச் செரிக்கிற அதே சரக்கு, தோலையும் அரிக்கத் தொடங்கும். பேதியாகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெள்ளைத் தோலில் சிவப்பு உடனே தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படித் தெரியாது. அந்த இடம் மட்டும் கூடுதலாகக் கருத்தோ, ஊதா நிறமாகவோ இருக்கும். எரிச்சல், வலி, அரிப்பு என்று நோயாளி சொல்வதையும் நம்ப வேண்டும்.

படுக்கைப்புண் வேறு

படுக்கைப்புண் பெரும்பாலும் எலும்பு அழுந்தும் இடத்தில், ஒரே இடமாக வரும். ஈரப்புண் புட்டம், மடிப்பு, தொடை என்று பரவலாகப் படரும். ஆனால் ஈரத்தில் நைந்த தோல், படுக்கைப்புண்ணுக்கும் சீக்கிரம் வழிவிடும். அதனால்தான் லேசாக இருக்கும்போதே கவனிக்க வேண்டும்.

சோப்பு போட்டுத் தேய்க்கலாமா?

கூடாது. சாதாரண சோப்பு காரத்தன்மை உள்ளது. இருக்கிற புளிப்பையும் எண்ணெய்ப் பசையையும் அது எடுத்துவிடும். வெறும் சோப்பும் தண்ணீரும் இந்தப் புண்ணைத் தடுப்பதில் பின்தங்கியே இருப்பதாக 2016-ல் வந்த மருத்துவ ஆய்வுத் தொகுப்பும் கூறுகிறது.

செய்ய வேண்டியது மூன்றுதான்:

* நனைந்ததும் டயாப்பரை மாற்ற வேண்டும். "இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்று மிச்சம் பிடிக்கக் கூடாது.
* மிதமான வெந்நீரில் நனைத்த மெத்தென்ற துணியால் அல்லது சோப்பு இல்லாத கிளீனரால் மெதுவாகத் துடைக்க வேண்டும். அழுத்தித் தேய்க்காமல், ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுக்க வேண்டும்.
* பிறகு வாஸ்லின் வகை களிம்போ, துத்தநாக ஆக்சைடு களிம்போ மெல்லிசாகப் பூச வேண்டும். மழைக்கு ரெயின்கோட் மாதிரி, தோலுக்கு இது. பவுடர் வேண்டாம். மடிப்பில் ஈரத்தோடு கட்டியாகி உறுத்தும்.

தோல் உரிந்தாலோ, நீர் கசிந்தாலோ, சுற்றிலும் சின்னச் சின்ன கொப்புளம் தெரிந்தாலோ பூஞ்சைக் கிருமி சேர்ந்திருக்கலாம். அமெரிக்க ஆய்வில் புண் வந்தவர்களில் 100-க்கு 15 பேருக்கு அப்படி இருந்தது. அதற்குத் தனி மருந்து தேவை. கடையில் கேட்டு வாங்கிப் போடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வெட்கம் வேண்டாம்

பிள்ளைகளிடமும் நர்சிடமும் சொல்ல வெட்கப்பட்டு ஈரத்திலேயே படுத்திருக்கும் பெரியவர்கள் உண்டு. "அடிக்கடி துணி மாத்தணுமே, அவங்களுக்குக் கஷ்டம்" என்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால் சிறுநீர் கெட்டியாகி எரிச்சல்தான் கூடும். கூட இருப்பவர்கள் முகம் சுளிக்காமல், "ஈரமா இருக்காப்பா?" என்று அவர்களாகவே கேட்டுவிட்டால் பாதிப் புண் வராது.