செவித்துணைக் கருவியைப் பேணுவோம்

தறியோடு வாழ்நாளைக் கழித்தவர்களுக்குக் காது மந்தமாவது நம் ஜில்லாக்களில் புதிய செய்தியன்று. இளம்பிள்ளை, பள்ளிபாளையம், குமாரபாளையம் முதலிய ஊர்களின் விசைத்தறிக் கூடங்கள் பலவற்றில் ஓசை 90 டெசிபலைத் தாண்டுகிறது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் பல்லாண்டுகள் உழைப்பவரின் உட்செவியிலுள்ள நுண்ணிய மயிரணுக்கள் நாளடைவில் அழிகின்றன. அழிந்தவை மீண்டும் தோன்றுவதில்லை. ஆகையால் அத்தகையோருக்குச் செவித்துணைக் கருவியே உற்ற துணையாகிறது.

அண்மையில், மகாசபைக் கூட்டங்களுக்கு வராமல் நின்றுவிட்ட மூத்த அங்கத்தினர் ஒருவரை அவர் இல்லத்தில் கண்டோம். "என்ன பேசுகிறார்கள் என்றே தெரிவதில்லை, பிறர் கை தூக்கும்போது நானும் தூக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வராமலிருப்பதே மேல்" என்றார். அவருடைய கருவி, கெட்டுப்போயிற்று என்று எட்டு மாதங்களாக மாடத்தில் கிடந்தது. அவரையும் கருவியையும் அழைத்துக்கொண்டு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் உள்ள செவிச் சோதனை நிலையம் ஒன்றுக்குச் சென்றோம்.

அங்கிருந்த நிபுணர் கருவியை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். 'மோல்டு' எனப்படும் காதச்சின் துளையைக் குறும்பி அடைத்திருந்தது. குழாய் விறைத்து, உள்ளே வியர்வைத் துளி நின்றது. ஒலிவாங்கியின் வாயில் பஞ்சுத் தூசு படிந்திருந்தது. கருவியின் உள்ளுறுப்புகளில் யாதொரு பழுதும் இல்லை! தூய்மை செய்து, குழாயை மாற்றி, புதிய பாட்டரி இட்டதும் கருவி பேசத் தொடங்கிற்று. தெருவில் இறங்கியதும், பஸ் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கூவுவதைக் கேட்டுப் பெரியவர் தாமாகவே திரும்பினார்.

எட்டு மாதத் தனிமைக்குக் காரணம் சிறிது அழுக்கே. ஆகையால் அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றை மனத்திற்கொள்ள வேண்டும்.

இரவில் கருவியைக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, பாட்டரிக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உருண்டைகளுள்ள மூடிய டப்பாவில் வைப்பது நலம். காதுக்குப் பின் அணியும் கருவியானால், காதச்சைக் குழாயோடு பிரித்து, வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவி, குழாயின் உட்புறம் நன்கு உலர்ந்த பின்னரே பொருத்த வேண்டும். கருவியின்மீது நீரோ ஸ்பிரிட்டோ படலாகாது. ஊசியால் துளையைக் குத்துவதும் தவறு. குழாய் மஞ்சளித்து விறைத்தால் மாற்றிவிட வேண்டும்.

இக்காலத்துப் பாட்டரிகள் பல காற்றை ஏற்று மின்சாரம் தரும் துத்தநாக வகையின. 675 எண்ணுக்கு நீலம், 13க்கு ஆரஞ்சு, 312க்குப் பழுப்பு என ஒட்டுத்தாளின் நிறமே அளவைக் காட்டும். தாளை உரித்து ஒரு நிமிடம் பொறுத்து இட வேண்டும். உரித்துவிட்டால் செலவு தொடங்கிவிடும். மீண்டும் ஒட்டிச் சேமிக்க இயலாது. குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

கருவி கீச்சிட்டால் உடனே பழுதென்று எண்ணற்க. காதச்சு தளர்ந்திருக்கலாம், காதில் குறும்பி சேர்ந்திருக்கலாம். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போதும், மருந்து தெளிக்கும்போதும், மஞ்சள் வேகவைக்கும் ஆவியருகிலும் கழற்றிவிடுவதே முறை. ஓடும் தறியருகே கருவியை இயக்குவது இரைச்சலைப் பெருக்கும். அங்கே தேவை காதடைப்பான்.

கருவி வாங்க இயலாதோர், மத்திய அரசின் 1981ஆம் ஆண்டுத் திட்டத்தையும் மாநில அரசின் உதவியையும் பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் பெற்ற கருவியைப் பேணுவது நம் பொறுப்பே.

ஒவ்வொரு சங்கமும் காற்றூதும் ரப்பர்க் குமிழ் ஒன்றும், பாட்டரி சோதிக்கும் சிறு கருவி ஒன்றும் வாங்கி அலுவலகத்தில் வைக்கலாம். அவற்றைக் கையாள இளைஞர் ஒருவர் பழகிக்கொண்டால் போதும். தறிக்கு எண்ணெய் இடாது ஓட்டுவோர் நம்மில் இல்லை. செவிக்கும் அந்தக் கவனம் கிட்டுமானால், அடுத்த மகாசபையில் கைகள், கேட்டுத் தெளிந்து உயரும்.