சுவிட்சை அணைத்தால் ஊமையாகும் விளக்கு!

மாடுகள் மந்தை மந்தையாக மேய்ந்த வெளி என்பதால் 'மந்தைவெளி' என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். இன்று அங்கே மந்தை இல்லை. மாடி வீடுகள்தான் இருக்கின்றன. சென்னையின் மற்ற பகுதிகளைப் போலவே, இந்த வீடுகளுக்கும் ஒரு புதுமையான விளக்கு வந்துவிட்டது.

"விளக்கைப் போடு" என்று வாயால் சொன்னால் எரியும். "அணை" என்றால் அணையும். அமெரிக்காவில் இருக்கும் மகன், அங்கிருந்தே செல்போனைத் தட்டி மந்தைவெளி வீட்டு விளக்கை ஏற்றலாம்!

இதற்கு 'ஸ்மார்ட்' விளக்கு என்று பெயர். கெட்டிக்கார விளக்கு என்று பொருள்.

ஆனால் இந்தக் கெட்டிக்காரனை ஊமையாக்க ஒரு விரல் போதும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால், தொண்டை கிழியக் கத்தினாலும் விளக்கு எரியாது.

காரணம் என்ன?

சாதாரண பல்புக்கு, எரியும்போது மட்டும் மின்சாரம் இருந்தால் போதும். ஸ்மார்ட் விளக்கு அப்படி அல்ல. அதற்குள் ஒரு சின்னஞ்சிறு ரேடியோ கருவி இருக்கிறது. வீட்டில் உள்ள 'வை-பை' பெட்டியில் இருந்து உத்தரவு வருகிறதா என்று அது ஓயாமல் காத்துக்கொண்டு இருக்கும். விளக்கு தூங்கினாலும் கருவி விழித்திருக்க வேண்டும், இரவுக் காவல்காரனைப்போல.

விழித்திருக்க மின்சாரம் வேண்டும். சுவிட்சை அணைத்தால் காவல்காரனும் தூங்கிவிடுகிறான்!

இதற்கு ஆகும் மின்சாரம் அதிகம் இல்லை. அரை வாட் என்று வைத்துக்கொண்டால், ஆண்டு முழுவதற்கும் ஒரு விளக்குக்கு 4½ யூனிட்டுகூட ஆகாது.

அம்மாவின் கேள்வி

பல வீடுகளில் நடப்பது இதுதான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை விடுமுறைக்கு வருகிறான். வயதான பெற்றோர் இருட்டில் சுவிட்சைத் தேடித் தடுமாறி விழக்கூடாதே என்று, ஆசையாக இந்த விளக்கை மாட்டிவிட்டுப் போகிறான். சில நாள் கழித்து, "விளக்கு கிடைக்கவில்லை" என்று அவன் செல்போன் சொல்கிறது.

"ஏம்மா, சுவிட்சை அணைச்சே?"

"யாரும் இல்லாத ரூமுக்கு சுவிட்சு எதுக்குடா? கரண்டு பில்லை நீயா கட்டுறே?"

அம்மா கேட்பது நியாயம்தானே! சிக்கனம் நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். 2012-ம் ஆண்டு சென்னையிலேயே தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அதை அனுபவித்தவர்கள், அறையைவிட்டு வெளியே வந்தால் கை தானாக சுவிட்சுக்குப் போகும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணும் அதையே செய்வார். யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் நள்ளிரவில் அப்பா எழுந்து "விளக்கைப் போடு" என்று சொல்லும்போது, விளக்கு பேசாமல் இருக்கும். யாருக்காக அதை வாங்கினார்களோ, அவரே இருட்டில் நடக்க வேண்டும்!

அங்கே ஒன்று, இங்கே ஒன்று

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலான 'பிளக்' துளைகளுக்குத் தனி சுவிட்சு கிடையாது. மாட்டினால் எப்போதும் மின்சாரம் வரும். நம் வீடுகளில் ஒவ்வொரு பிளக்குக்கும் பக்கத்திலேயே ஒரு சுவிட்சு. ஆகவே நம் ஊரில் விளக்கு மட்டும் அல்ல. வை-பை பெட்டி, கண்காணிப்பு கேமரா, பேச்சைக் கேட்கும் ஸ்பீக்கர் எல்லாமே சுவிட்சுக்கு அடிமை. ரிமோட்டில் ஓடும் புது மின்விசிறிக்கும் இதே கதிதான்.

இன்னொரு தொல்லையும் உண்டு. இரவு 2 மணிக்கு மின்சாரம் போய்த் திரும்பினால், பல ஸ்மார்ட் விளக்குகள் ஒன்றாக எரிந்து வீட்டையே எழுப்பிவிடும். பிலிப்ஸ் கம்பெனியின் 'ஹியூ' விளக்கு 2012-ல் கடைக்கு வந்தது. மின்சாரம் திரும்பும்போது எரிய வேண்டுமா, முன்பு இருந்த நிலையில் இருக்க வேண்டுமா என்று நாமே தீர்மானிக்கும் வசதி, அதற்கு 2018-ல்தான் கிடைத்தது. இப்போது வேறு பல விளக்குகளிலும் இந்த வசதி இருக்கிறது. வாங்கும்போதே கேளுங்கள்.

சில விளக்குகளில் சுவிட்சை மூன்று முறை வேகமாகப் போட்டு அணைத்தால், பழைய இணைப்பு அழிந்துவிடும். குழந்தைகள் சுவிட்சில் விளையாடினால் போச்சு!

என்ன வழி?

கெட்டிக்காரத்தனத்தை விளக்கில் வைக்காமல் சுவிட்சு போர்டில் வைப்பதுதான் நல்ல வழி. இதற்காகத் தீப்பெட்டி அளவில் சிறு கருவிகள் விற்கின்றன. போர்டுக்கு உள்ளே, சுவிட்சின் பின்னால் பொருத்த வேண்டும். பிறகு சுவிட்சைத் தட்டினாலும் விளக்கு எரியும். செல்போனைத் தட்டினாலும் எரியும். அம்மா அணைத்த விளக்கை மகன் ஏற்றலாம். சாதாரண பல்பே போதும்.

இந்தக் கருவிகள் பெரும்பாலானவற்றுக்கு போர்டில் 'நியூட்ரல்' கம்பி வேண்டும். பிளக் உள்ள போர்டில் அது இருக்கும். சுவிட்சு மட்டும் உள்ள போர்டில் இல்லாமல் போகலாம். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்த பிறகே வாங்குங்கள். மெயினை அணைத்துவிட்டு அவர்தான் பொருத்த வேண்டும்.

கீசர் விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 3,000 வாட் கீசர் 13 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். 10 ஆம்பியர் கருவியில் இணைத்தால் கருகிவிடும்.

வை-பை பெட்டிக்கும் கேமராவுக்கும் சுலபமான வழி உண்டு. அந்த சுவிட்சின்மேல் "அணைக்காதீர்கள்" என்று தமிழில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் வேலைக்கு வருபவர்களுக்கும் காரணத்தைச் சொல்லுங்கள்.

சுவிட்சு வேண்டும்

சுவர் சுவிட்சை அடியோடு எடுத்துவிடலாமா? கூடாது. பல்பை மாற்றும்போது, செல்போனில் அணைத்தால் மட்டும் போதாது. ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். சுவர் சுவிட்சை அணையுங்கள். மெயினையும் அணைப்பது இன்னும் நல்லது. செல்போன் கெட்டுப்போன நாளிலும், வந்த விருந்தாளிக்கும், பேரக் குழந்தைக்கும் அந்த சுவிட்சுதான் துணை.

புதுக் கருவி வாங்கும் முன், கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்கள் வீட்டுப் பாட்டி சுவிட்சை அணைத்துவிட்டால் இது வேலை செய்யுமா?"