செவலைக்கு நான் கொடுத்த வாக்கு

சென்ற ஆண்டு மார்ச் மாதம். இரண்டு நாள் விடுப்பில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். கோத்தா திங்கி பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மூன்று ஏக்கர் நிலம். அதில் நான்கு பெண் குதிரைகள், வயதான ஆண் குதிரை ஒன்று, ஒரு தகரக் கொட்டகை, ஒரு வீடு. அவ்வளவுதான் மாமாவின் உலகம். மாலையில் புல் அறுத்துக்கொண்டிருந்தவர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"செவலைய மறுபடியும் சினைக்கு விடலாமான்னு யோசிக்கிறேம்மா. குட்டி பொறந்தா இருபத்தஞ்சு வருசம் இருக்கும். எனக்கு இப்பவே அம்பத்தெட்டு. அது கெழடாகுறப்ப நான் இருப்பேனான்னு தெரியாது. நீ இருப்பியா?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் வேலை தேட வேண்டும் என்பதுதான் என் திட்டம். ஜோகூர்ப் பிள்ளைகள் பலருக்கும் அதுதானே கனவு!

குதிரை வளர்ப்பு பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு பெண் குதிரையைச் சினையாக்குவது பெரிய காரியமில்லை. பிறக்கப்போகும் உயிருக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்வதுதான் பெரிய காரியம்.

லயத்திலிருந்து லாயத்துக்கு

எங்கள் தாத்தா தோட்டத்து லயத்தில் பிறந்து, குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் குதிரைக்காரரை 'சைஸ்' என்பார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த லாயங்களில் நம்மவர்களும், பாவியான் தீவிலிருந்து வந்தவர்களும் இந்த வேலையில் நிறையப் பேர் இருந்தார்கள். குதிரை ஜெயித்தால் முதலாளியின் படம் பத்திரிகையில் வரும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து அதைத் தேய்த்துக் குளிப்பாட்டியவரின் பெயர் எங்கும் வராது.

தாத்தாவிடமிருந்து மாமாவுக்கு வந்த சொத்து அந்த வேலைப்பழக்கம்தான். குதிரையின் காதைப் பார்த்தே அதன் மனநிலையைச் சொல்லிவிடுவார். "குதிரை குணமறிஞ்சுதான் ஆண்டவன் கொம்பு குடுக்கல" என்று யாராவது பழமொழி சொன்னால் மாமாவுக்குப் பிடிக்காது. "மனுசன் குணம் தெரிஞ்சுதான் அதுக்கு ஓடுற காலைக் குடுத்தான்" என்பார்.

செவலை சிங்கப்பூர் கிராஞ்சி திடலில் ஓடிய பந்தயக் குதிரை. கால் வீங்கி ஓட முடியாமல் போனபோது மாமா வாங்கி வந்தார். எங்கள் மாநிலத்தில் பெண் குதிரைகளுக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு. ஜோகூர் என்றாலே போலோ விளையாட்டு நினைவுக்கு வரும். போலோ ஆட்டக்காரர்களில் பலர் ஆண் குதிரையைவிடப் பெண் குதிரையையே விரும்புவார்கள். சொன்னதைச் சட்டென்று புரிந்துகொள்ளும். நெருக்கடியிலும் துணிந்து நிற்கும் என்பார்கள். செவலையின் குட்டி ஒரு நல்ல சவாரிக் குதிரையாக வரும் என்பது மாமாவின் ஆசை.

மிச்சம் பிடிக்கப் போய்...

நான் எஸ்.டி.பி.எம். படித்துக்கொண்டிருந்தபோது செவலை முதன்முறையாகச் சினையானாள். மாமா தம் 555 நோட்டுப் புத்தகத்தில் எல்லாத் தேதிகளையும் குறித்து வைத்திருந்தார். பெண் குதிரைக்கு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவம் வரும். ஐந்து முதல் ஏழு நாள்வரை நீடிக்கும். அந்த நாட்களில் வாலைத் தூக்கி அடிக்கடி சிறுநீர் விடும். ஆண் குதிரையின் குரல் கேட்டால் அசையாமல் நிற்கும்.

குளிர்நாடுகளில் வெயில்காலத்தில் மட்டுமே பெண் குதிரைக்குப் பருவம் வரும். பகல் நீளமானால்தான் அதன் உடல் விழித்துக்கொள்ளும். அதனால் அங்கே குளிர்காலத்திலேயே கொட்டகையில் விளக்குப் போட்டு, பகல் 16 மணி நேரம் என்று குதிரையை நம்பவைக்கிறார்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் ஜோகூரில் ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். இங்கே எந்த மாதத்திலும் பருவம் வரலாம். ஆகவே விளக்கு வேண்டாம். கவனிக்கும் கண்தான் வேண்டும்.

மாமாவின் கண் தவறவில்லை. தவறியது வேறு இடத்தில். கால்நடை மருத்துவரை அழைத்து ஸ்கேன் எடுக்கச் செலவாகும் என்று தள்ளிப் போட்டார். "எங்கப்பா காலத்துல ஸ்கேனா இருந்துச்சு?" என்றார். வயிறு நன்றாகத்தான் பெருத்தது. எட்டாம் மாதம் ஒருநாள் காலை கொட்டகைக்குப் போனவர் திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு குட்டிகள். இரண்டுமே உயிரில்லாமல்.

மனிதரில் இரட்டைக் குழந்தை என்றால் மகிழ்ச்சி. குதிரைக்கு அது ஆபத்து. ஒரு குட்டி வளர்வதற்கே கருப்பையின் முழுப் பரப்பும் நஞ்சுக்கொடிக்குத் தேவை. இரண்டு குட்டிகள் அதைப் பங்கு போட்டால் இரண்டுக்குமே உணவு போதாது. பெரும்பாலும் இரண்டும் கலைந்துவிடும். தாயின் உயிருக்கும் ஆபத்து. இணை சேர்ந்து 14 முதல் 16 நாட்களுக்குள் ஸ்கேன் எடுத்தால் இரண்டு கரு இருப்பது தெரிந்துவிடும். அப்போது மருத்துவர் ஒன்றைக் கலைத்து மற்றொன்றைக் காப்பாற்ற முடியும். அதற்குப் பிறகு அது கடினமாகிக்கொண்டே போகும்.

இதையெல்லாம் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் படிக்க வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அன்று அந்தத் திண்ணையில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் ஒன்றும் தெரியாது.

அதனால்தான் அவர் "நீ இருப்பியா?" என்று கேட்டதற்கு மறுநாள் காலையில் இப்படிப் பதில் சொன்னேன்: "இருப்பேன் மாமா. ஆனா பதினஞ்சாவது நாள் ஸ்கேன் எடுக்கணும்." மாமா சிரித்தார். நோட்டை எடுத்து, இணை சேரும் தேதிக்கென்று ஒரு வரியை விட்டு, அதற்குக் கீழே 'ஸ்கேன்' என்று எழுதிக் கோடு போட்டார்.

பதினைந்தாம் நாள் திரையில் ஒரே ஒரு சின்னக் கறுப்பு வட்டம். நான்காம் வாரம் அதற்குள் இதயத் துடிப்பு.

மார்க்கோ போலோ பார்த்த குதிரைகள்

ஏறத்தாழ 730 ஆண்டுகளுக்கு முன் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு விந்தையான செய்தியை எழுதி வைத்திருக்கிறார். பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்ட குதிரைகளைக் கடல் வழியாக வாங்குவாராம். ஆண்டு முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சாதாம். நல்ல குதிரைகளை இணை சேர்த்தாலும் கால் கோணலான, சவாரிக்கு உதவாத குட்டிதான் பிறக்குமாம். குதிரைகளுக்குச் சோற்றையும் இறைச்சியையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தார்கள் என்றும் சொல்கிறார்.

கால்நடை ஊட்டச்சத்துப் பாடம் நடந்தபோது இந்தக் கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அரிசியிலும் இறைச்சியிலும் பாஸ்பரஸ் அதிகம், சுண்ணாம்புச் சத்து குறைவு. அந்தச் சமநிலை கெட்டால் குதிரையின் உடல் எலும்பிலிருந்து சுண்ணாம்பை உருவத் தொடங்கும். எலும்பு பலமிழக்கும்; முகம் வீங்கும்.

நம் நாட்டிலும் இந்த ஆபத்து உண்டு. செட்டேரியா போன்ற வெப்பமண்டலப் புற்களில் ஆக்சலேட் என்ற பொருள் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் குதிரையின் உடலில் சேராது. புல் பச்சைப்பசேலென்று இருக்கும். குதிரை வயிறாரத் தின்னும். எலும்பு மட்டும் உள்ளுக்குள் கரையும். இதற்கு மாமா இரண்டு வழி வைத்திருக்கிறார். தாது உப்பு ஒன்று. இறக்குமதியாகும் காய்ந்த குதிரைமசால் மற்றொன்று. பெயரிலேயே குதிரை இருக்கும் அந்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வயிற்றுக்குள் குட்டி வேகமாக வளர்வது கடைசி மூன்று நான்கு மாதங்களில்தான் என்பதால் அப்போது அளவைக் கூட்டினோம்.

அடுத்த எதிரி வெயில். குதிரையும் நம்மைப்போல வியர்த்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். தோல் காய்ந்து, மூச்சு வாங்கி, நிழலில் நின்றாலும் உடல் கொதிக்கும். அதனால் நடைப்பயிற்சி காலை ஏழு மணிக்குள் முடிந்துவிடும். நண்பகலில் குழாய்த் தண்ணீரும் மின்விசிறியும்.

மூன்றாவது எதிரி கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கொசுறு. 2020-இல் ஆப்பிரிக்கக் குதிரை நோய் தாய்லாந்தில் நூற்றுக்கணக்கான குதிரைகளைக் கொன்றது. அதே ஆண்டு மலேசியாவிலும் அது கண்டறியப்பட்டது. அதைப் பரப்புவது கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி. அன்றிலிருந்து பொழுது சாய்வதற்குள் எங்கள் கொட்டகைக்கு வலை இறங்கிவிடும்.

ஒன்று, இரண்டு, மூன்று

பெண் குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 340 நாள். கடந்த பிப்ரவரியில், தைப்பூசம் முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. பருவத் தேர்வு முடிந்து நான் மாமா வீட்டில் இருந்தேன். செவலையின் மடிக்காம்பில் மெழுகுபோல ஒரு துளி உறைந்திருந்தது. "இன்னிக்கோ நாளைக்கோ" என்றார் மாமா. குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். ஆள் பார்த்தால் தள்ளிப் போடும் என்பார்கள். அதனால் விளக்கை அணைத்துவிட்டு வைக்கோல் கட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தோம்.

நள்ளிரவு தாண்டி பன்னீர்க்குடம் உடைந்தது. செவலை படுத்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. முதலில் வெண்மையான சவ்வுக்குள் ஒரு முன்னங்கால், சற்றுப் பின்தள்ளி மற்றொன்று, அவற்றின்மேல் மூக்கு. இதுதான் சரியான வரிசை. வெண்சவ்வுக்குப் பதிலாகச் சிவப்புப் பை முதலில் தெரிந்தால் நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். குட்டிக்கு மூச்சு முட்டும். ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. நான் கைவிளக்கைப் பிடித்தபடி நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைதான். அரை மணி நேரத்துக்குள் குட்டி வைக்கோலில் கிடந்தது. பெண் குட்டி.

கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு மணி நேரத்தில் குட்டி எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழ வேண்டும்.

ஐம்பது நிமிடத்தில் குட்டி நின்றுவிட்டது. ஆனால் மடி எங்கே என்று அதற்குத் தெரியவில்லை. சுவரை நக்கியது, தாயின் முன்னங்காலுக்கு நடுவே தேடியது, விழுந்தது, எழுந்தது. நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருவிலேயே ஓரளவு கிடைத்துவிடும். குதிரைக்குட்டிக்கு அப்படி இல்லை. நஞ்சுக்கொடி வழியாக அது வராது. சீம்பாலில்தான் வர வேண்டும். ஒரு நாள் கடந்துவிட்டால் குட்டியின் குடல் அதை ஏற்காது. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

"தூக்கி விடவா மாமா?" என்றேன். "பொறும்மா. அவ கத்துக்கட்டும்" என்றார். அவர் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மணி நாற்பத்தைந்து நிமிடம் ஆனபோது செவலையே சற்றுத் திரும்பி நின்று, மூக்கால் குட்டியின் பின்புறத்தைத் தள்ளிவிட்டாள். சப்பும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு நாங்கள் காத்திருந்தது பதினொரு மாதமில்லை. எட்டாம் மாதத்து அந்தக் காலையிலிருந்தே காத்திருந்தோம்.

நஞ்சுக்கொடி விழுந்ததும் அதைத் தரையில் விரித்து, எங்கும் கிழிந்து துண்டு உள்ளே தங்கிவிடவில்லையே என்று சரிபார்த்தோம். பிறகுதான் மாமா தேநீர் கேட்டார்.

நான்கில் ஒன்றுதான்

"மத்த மூணையும் சினைக்கு விடுவீங்களா மாமா?" என்று அன்று விடியலில் கேட்டேன். "மாட்டேன்" என்றார்.

அவர் சொன்ன காரணம் என்னை யோசிக்க வைத்தது. 2024 அக்டோபர் 5-ஆம் தேதி கிராஞ்சியில் கடைசிப் பந்தயம் நடந்தது. 1842-இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பந்தய மரபு அன்றோடு முடிந்தது. திடல் மூடினால் மனிதர்கள் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். குதிரை எங்கே போகும்? ஏற்கெனவே பிறந்த குதிரைகளுக்கே இடம் தேட வேண்டியிருக்கும் காலத்தில், இடம் உறுதியில்லாமல் இன்னொன்றைப் பிறக்கவைப்பது பாவம் என்பது மாமாவின் கணக்கு. நல்ல வளர்ப்பாளர் எத்தனை குட்டி எடுத்தார் என்பதல்ல. எத்தனை முறை வேண்டாம் என்று நிறுத்தினார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று அன்று புரிந்துகொண்டேன்.

விலங்குகளை நேசிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்திலும் மலேசிய கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் கால்நடை மருத்துவம் ஐந்தாண்டுப் படிப்பாக இருக்கிறது. நாய், பூனையோடு நிற்காமல் குதிரைப் பக்கமும் வாருங்கள். நம் தாத்தாக்களின் கைப்பழக்கமும் உங்கள் படிப்பும் சேர்ந்தால், எங்கள் திண்ணையில் நடந்ததுபோல் இன்னொரு வீட்டில் நடக்காது.

குட்டிக்கு இப்போது சில மாதங்கள் ஆகின்றன. தாய்ப்பாலோடு புல்லும் கடிக்கிறாள். நான் இன்னும் சிங்கப்பூர் வேலைக் கனவை விடவில்லை. ஆனால் கணக்கு மாறிவிட்டது. சம்பளத்தில் ஒரு பங்கு குதிரைமசாலுக்கு. வாரக் கடைசிகளில் பாலம் தாண்டி வீடு. அவளுக்கு இருபத்தைந்து ஆகும்போது எனக்கு நாற்பத்தைந்து.

மாமாவின் 555 நோட்டில் இப்போது ஒரு புதிய பக்கம் இருக்கிறது. அதில் குட்டி பிறந்த தேதி, நேரம், எழுந்து நின்ற நேரம், பால் குடித்த நேரம். 'உரிமையாளர்' என்ற இடத்தில் மாமா தம் பெயரை எழுதவில்லை. என் பெயரை எழுதியிருக்கிறார்.